நுண்ணலை வடிப்பான்களும் கணிப்பின் நம்பகமும்



பூமியிலிருந்து ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலைபெற்றிருக்கும் ஒரு செய்தித்தொடர்புச் செயற்கைக்கோள், கீழிருந்து தன்னை வந்தடையும் பல அலைவரிசைகளையும் ஒன்றோடொன்று கலக்கவிடாமல் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பெருக்கியில் வலுவூட்டி, மீண்டும் ஒன்றுசேர்த்துப் பூமிக்கு அனுப்புகிறது என்றால், அந்தப் பிரிவினைக்கும் சேர்க்கைக்கும் ஆதாரமாக இருப்பது நுண்ணலை வடிப்பான் என்னும் சாதனமே ஆகும். பார்வைக்கு அது வெறும் உலோகப் பெட்டி. உள்ளே சில வெற்றறைகள், அறைக்கும் அறைக்கும் நடுவே சிறு துவாரங்கள், மேலே சில திருகாணிகள் என்பதற்கு மேல் அதில் காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் 12 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் 36 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு பட்டையை மட்டும் உள்ளே விட்டு, அதன் இரு மருங்கிலும் உள்ளவற்றைத் தடுத்து நிறுத்தும் கடமை அதற்கு விதிக்கப்பட்டிருக்கிறது. 36 மெகாஹெர்ட்ஸ் என்பது 12 கிகாஹெர்ட்ஸில் ஆயிரத்துக்கு மூன்று பங்கு. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தின் சிரமங்கள் யாவும் இந்தக் குறுகிய அளவிலிருந்தே பிறக்கின்றன.

அத்தகைய வடிப்பானில் ஓர் அறையை மட்டும் கிட்ட நின்று பார்ப்போம். 19.05 மில்லிமீட்டர் அகலமும் அதில் பாதி உயரமும் உள்ள செவ்வக அலைக்குழாயில் (வேவ்கைடு என்று தொழிலில் வழங்குவது இதுதான்) 12 கிகாஹெர்ட்ஸ் அலை ஒத்ததிர வேண்டுமானால், அறையின் நீளம் ஏறத்தாழப் பதினாறரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அந்த நீளத்தில் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு கூடிவிட்டால், ஒத்ததிர்வு 4 மெகாஹெர்ட்ஸ் இறங்கிவிடும். அதாவது பட்டையின் அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு கைநழுவிப் போகும். ஆண்டெனா வடிவமைக்கும் பொறியாளர் தம் கணிப்பில் ஆயிரத்துக்கு ஒன்று பிழை என்று கேட்டால் மனநிறைவு அடைவார். அவருக்கு அது போதும். வடிப்பான் வடிவமைப்பவருக்கோ அதே ஆயிரத்துக்கு ஒன்று என்பது 12 மெகாஹெர்ட்ஸ். பட்டையில் மூன்றில் ஒரு பாகம். ஒரு துறையில் மிக நுட்பமானது என்று கொண்டாடப்படும் கணிப்பு இன்னொரு துறையில் பயனற்றுப் போவதன் காரணம் இதுவே.

இத்தகைய கணிப்பு வளர்ந்துவந்த வழியைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். மாக்ஸ்வெல் தம் மின்காந்தப் புலக் கொள்கையை 1865-இல் வெளியிட்டார். உள்ளீடற்ற உலோகக் குழாய்க்குள் மின்காந்த அலைகள் செல்லக்கூடும் என்பதை ராலே பிரபு 1897-இல் கணித முறையில் நிறுவினார். இரண்டாம் உலகப் போரின்போது ராடார் ஆராய்ச்சிக்கென்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அமைந்த கதிர்வீச்சு ஆய்வுக்கூடத்தில் அலைக்குழாய்த் துவாரங்களுக்கெல்லாம் சூத்திரங்கள் வகுக்கப்பட்டன. அவற்றை மார்குவிட்ஸ் 1951-இல் ஒரு கையேடாகத் தொகுத்தளித்தார். அக்காலத்தார் சூத்திரத்தை வைத்து ஏறத்தாழக் கணக்கிட்டு, பெட்டியைச் செய்து, திருகாணியைத் திருகித் திருகி வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். தங்கள் கணக்கு ஏறத்தாழத்தான் என்பதை அவர்கள் ஒருகணமும் மறந்ததில்லை. பிறகு 1966-இல் கேன் யீ என்பவர் மாக்ஸ்வெல் சமன்பாடுகளைச் சிறு கட்டங்களில் வைத்துக் காலத்தின் படிகளில் நடத்திச் செல்லும் முறையையும், 1968-இல் ஹாரிங்டன் திருப்புமுறை என்னும் மற்றொரு மார்க்கத்தையும் விரிவாக விளக்கினர். உறுப்புகளாகப் பிரித்துக் கணிக்கும் முறையும் கட்டமைப்புப் பொறியியலிலிருந்து இத்துறைக்கு வந்து சேர்ந்தது. இன்று ஒரு மாணவர் தம் மேசையின் முன் அமர்ந்து, எந்த உருவத்தை வரைந்து கொடுத்தாலும், சில மணி நேரத்தில் வண்ண வண்ணமான புல வரைபடங்களையும் தசம ஸ்தானங்கள் பல கொண்ட எண்களையும் பெற்றுக்கொள்கிறார். இது மகத்தான சாதனை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் முன்னோர் மறவாதிருந்த அந்த 'ஏறத்தாழ' என்னும் உணர்வு, எண்ணின் தோற்றப்பொலிவால் மறைந்துபோகிறதே என்பதுதான் என் கவலை.

கணினி தனக்குக் கொடுக்கப்பட்ட கணக்குக்கு விடை தருகிறது. நாம் செய்யப்போகும் பொருளுக்கும் அந்தக் கணக்குக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து சொல்வது அதன் வேலையாகாது. அது நம் பொறுப்பு. இதனை விளக்க ஓர் எளிய பொருளையே எடுத்துக்கொள்கிறேன்.

10 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஓர் உருளை வடிவ அறை. அதன் மிக எளிய ஒத்ததிர்வுக்கு, உயரம் எதுவாயினும், அதிர்வெண் 11.474 கிகாஹெர்ட்ஸ் என்று காகிதத்தில் எழுதியே நிறுவிவிடலாம். பெஸல் சார்பின் முதல் சுழியான 2.405 தெரிந்திருந்தால் போதும். இதே அறையை ஒரு மென்பொருளில் வரைகிறோம். மென்பொருள் பலவற்றில் வட்டம் என்பது உண்மையில் வட்டமாக இருப்பதில்லை. நேர்ப்பக்கங்கள் கொண்ட பலகோணமாக, வட்டத்துக்குள் பொருந்துமாறு அமைக்கப்படுகிறது. பக்கங்கள் 24 என்று கொள்வோம். கண்ணுக்கு அது வட்டமாகவே தோன்றும். ஆனால் ஒவ்வொரு பக்கமும் வளைவை விட்டு உள்ளே சற்று ஒதுங்கி நிற்பதால் அறை சிறுத்து, அதிர்வெண் 0.57 சதவீதம், அதாவது ஏறக்குறைய 65 மெகாஹெர்ட்ஸ், உயர்ந்துவிடுகிறது. நாம் வடிக்க நினைத்த பட்டையே 36 மெகாஹெர்ட்ஸ்தான்! இப்போது அந்த மென்பொருள், அறையைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் தன் வலையை மேலும் மேலும் நுணுக்கிக்கொண்டு போகிறது. விடை ஒரு நிலைக்கு வந்து அசையாமல் நிற்கிறது. 'கணிப்பு ஒருங்கிவிட்டது' என்று திரையில் எழுத்து வருகிறது. அது ஒருங்கியது பலகோணத்தின் அதிர்வெண்ணுக்கு. வட்டத்தின் அதிர்வெண்ணுக்கு அதனால் ஒருநாளும் வந்துசேர முடியாது. வலையை ஆயிரம் மடங்கு நுணுக்கினாலும் அந்த 65 மெகாஹெர்ட்ஸ் அங்கேயே இருக்கும். பக்கங்களை 96 ஆக்கினால் பிழை பதினாறில் ஒரு பங்காகி 4 மெகாஹெர்ட்ஸாகும். அல்லது பலகோணத்தின் பரப்பு வட்டத்தின் பரப்புக்குச் சமமாக இருக்கும்படி ஆரத்தைச் சற்றே பெருக்கிக்கொண்டால், பிழையின் பெரும்பகுதி அப்போதே நீங்கிவிடும். அனுபவசாலிகள் இந்த யுக்தியை வழக்கமாகவே கையாளுகிறார்கள். ஆனால் பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று அறிந்தவருக்குத்தானே யுக்தி தோன்றும்?

வலையினால் விளையும் பிழைக்கும் தனி இலக்கணங்கள் உண்டு. யீ வகுத்த முறையில் அலை கட்டங்களினூடே செல்லும்போது இயற்கையில் செல்வதைவிடச் சற்று மெதுவாகச் செல்கிறது. வழக்கமாகக் கைக்கொள்ளும் காலப்படியில், ஓர் அலைநீளத்துக்குப் பத்துக் கட்டங்கள் வைத்தால், கட்டங்களின் திசையில் செல்லும் அலையின் வேகம் ஏறக்குறைய 1.3 சதவீதம் குறையும். இருபது வைத்தால் 0.3 சதவீதம் குறையும். இருபது கட்டம் என்றால் தாராளம் என்று எண்ணுவோர், 12 கிகாஹெர்ட்ஸில் 0.3 சதவீதம் என்பது நம் பட்டை முழுவதையும் விழுங்கிவிடும் அளவு என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த முறையில் கட்டத்தைப் பாதியாக்கினால் பிழை கால் பங்காகிறது என்பது ஆறுதல். ஆனால் உலோகத்தின் கூர்மையான ஓரம் எங்கே வருகிறதோ அங்கே அந்த ஆறுதலும் போய்விடும். செங்கோணமாக முடியும் உலோக விளிம்பின் அருகே புலம், விளிம்பிலிருந்துள்ள தூரத்தின் மூன்றாம் மூலத்துக்கு எதிர்விகிதத்தில் பெருகுகிறது. கத்தி விளிம்பைப் போலக் கனமே இல்லாத ஓரமானால் இரண்டாம் மூலத்துக்கு எதிர்விகிதத்தில் பெருகுகிறது. விளிம்பை நெருங்க நெருங்க அந்தப் பெருக்கத்துக்கு எல்லையே இல்லை. எல்லையற்ற ஒன்றை எல்லையுள்ள கட்டங்களால் அளக்க முயல்வதால், கனமற்ற ஓரத்தில் கட்டத்தைப் பாதியாக்கினாலும் பிழையும் பாதியாகக் குறைவதோடு நின்றுவிடுகிறது. வடிப்பானில் அறைகளுக்கிடையேயான பிணைப்பை நிர்ணயிக்கும் துவாரங்களும், திருகாணிகளின் முனைகளும், சமதளச் சுற்றுகளில் உலோகப் பட்டைக்கும் உலோகப் பட்டைக்கும் இடையிலுள்ள இடைவெளிகளும் பெரும்பாலும் விளிம்புகளாலேயே ஆனவை. ஆகையால் கணிப்பு எங்கே மிகத் தளர்ந்திருக்கிறதோ அங்கேதான் வடிப்பானின் உயிரும் இருக்கிறது.

காலப்படிகளில் நடக்கும் முறைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. குறுகிய பட்டையுள்ள வடிப்பானுக்குள் புகுந்த ஆற்றல் எளிதில் வெளியேறாது. அறைகளுக்குள் நூற்றுக்கணக்கான நானோசெகண்டுகள் ஒலித்துக்கொண்டே இருக்கும். கால் மில்லிமீட்டர் கட்டத்துக்குக் காலப்படி அரைப் பிகோசெகண்டுக்குள் அடங்க வேண்டியிருப்பதால், ஆற்றல் ஓயும்வரை காத்திருக்கப் பல இலட்சம் படிகள் வேண்டும். பொறுமையிழந்து இடையில் நிறுத்தினால் விடையில் பொய்யான அலைவுகள் தோன்றும். சில வேளைகளில் உள்ளே சென்றதைவிட வெளியே வந்த ஆற்றல் அதிகம் என்றுகூடக் கணக்குக் காட்டும். இந்தப் பிழையாவது தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

தன்னைக் காட்டிக்கொடுக்காத பிழையே அபாயகரமானது. உறுப்புமுறையில் இயங்கும் மென்பொருள்கள், வலையை ஒரு சுற்று நுணுக்கி, முந்தைய சுற்றின் விடைக்கும் இந்தச் சுற்றின் விடைக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்து, அது ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே வந்ததும் நின்றுவிடுகின்றன. பரவலாக வழங்கும் ஒரு மென்பொருளில் இயல்பாகவே வைக்கப்பட்டிருக்கும் எல்லை 0.02. இந்த எண்ணைப் பிழையின் அளவு என்று கருதுவோர் பலர். அடுத்தடுத்த இரண்டு விடைகளின் வேறுபாடு சிறிதாக இருப்பதால் அவை இரண்டும் உண்மைக்கு அருகில் இருக்கின்றன என்று அனுமானிக்க நியாயமில்லை. மெதுவாக நகரும் ஒருவர் ஒவ்வோர் அடியும் சிறிதாக வைப்பதாலேயே ஊரை அடைந்துவிட்டார் என்று யாரும் கொள்வதில்லை. நல்ல வடிப்பானில் பட்டைக்குள் பிரதிபலிப்பு 0.05 என்ற அளவில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 0.02 என்பது அதில் ஐந்தில் இரண்டு பங்கு. அந்த எல்லையில் நின்ற கணிப்பைக் கொண்டு பட்டைக்குள் பிரதிபலிப்பைப் பற்றி எதுவும் தீர்மானிக்க இயலாது. இதைவிடவும் ஆழமான கேடு ஒன்று உண்டு. வலையை நுணுக்குவதற்கு எந்த அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுத்தோமோ அது பட்டைக்கு வெளியே விழுந்துவிட்டால், அங்கே வடிப்பான் வருவதையெல்லாம் அப்படியே திருப்பியனுப்புகிறது; பிரதிபலிப்பு ஒன்றாகவே இருக்கிறது; உள்ளே இருக்கும் அறைகளை அலை எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. ஆகவே முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் வேறுபாடு ஏறக்குறைய இல்லாமற்போய், மென்பொருள் திருப்தியோடு நின்றுவிடுகிறது. தொடக்க வலையோ பிழையுள்ளது. அதில் கணித்த பட்டை இருக்க வேண்டிய இடத்தைவிட்டு விலகி நிற்கும். ஆதலால் நாம் சரியான அதிர்வெண்ணைக் கொடுத்திருந்தாலும் தொடக்கத்தில் அது பட்டைக்கு வெளியே விழுவதற்கு வாய்ப்பு மிகுதி. பட்டையின் நடுவிலும் இரு ஓரங்களிலும் ஆகப் பல அதிர்வெண்களில் வலையை நுணுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அப்படியானால் எதை நம்புவது என்று நீங்கள் கேட்கலாம். பொற்கொல்லர் தங்கத்தை உரைகல்லில் உரசிப் பார்ப்பதுபோல, விடை முன்னதாகவே துல்லியமாகத் தெரிந்த ஒரு கணக்கை முதலில் கொடுத்துக் கணிப்பை உரசிப் பார்க்க வேண்டும். சமதளச் சுற்றுகளுக்கு அத்தகைய உரைகல் ஒன்றை ஜேம்ஸ் ராட்டியோ என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1994-இல் முன்வைத்தார். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு தகடுகள், இடையே காற்று, சரிநடுவில் கனமற்ற ஓர் உலோகப் பட்டை, அதன் அகலம் 1.4423896 மில்லிமீட்டர். இந்த அமைப்பின் மின்மறுப்பு சரியாக 50 ஓம் என்பதை நீள்வட்டத் தொகைகளைக் கொண்டு கணித முறையிலேயே நிறுவலாம். அதற்கு எந்தக் கணினியும் தேவையில்லை. பட்டையின் நீளத்தை 4.99654097 மில்லிமீட்டராக வைத்தால் அது 15 கிகாஹெர்ட்ஸில் சரியாகக் கால் அலைநீளமாகும். இதை மென்பொருளிடம் கொடுத்தால் பிரதிபலிப்பு சுழியாகவும், வெளிவரும் அலையின் கட்டநிலை (ஃபேஸ்) 90 பாகை பின்தங்கியும் வர வேண்டும். வருவதில்லை. பிரதிபலிப்பு 0.01 என்று வந்தால் மின்மறுப்பில் ஒரு சதவீதம் பிழை, கட்டநிலை 0.9 பாகை விலகினால் வேகத்தில் ஒரு சதவீதம் பிழை. கால் அலைநீளம் என்பதால்தான் பிழை இவ்வளவு நேரடியாகத் தன் அளவை வெளியிடுகிறது. அந்தத் தேர்வின் நேர்த்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகிறது. நான் முன்னே சொன்ன கூர்மையான ஓரங்களும் இந்த எளிய பட்டையில் இருக்கின்றன என்பதால், மென்பொருள் தன் மிகத் தளர்ந்த இடத்திலேயே சோதிக்கப்படுகிறது.

இந்தச் சோதனையை மூன்று வேறு வலைகளில் நடத்திப் பார்ப்பவர் இன்னொன்றையும் காண்பார்: பிழை ஒழுங்காகக் குறைகிறதா, தாறுமாறாகக் குதிக்கிறதா என்பது. ஒழுங்காகக் குறைகிறது என்றால், ரிச்சர்ட்ஸன் 1911-இலேயே காட்டிய வழியில், இரண்டு வலைகளின் விடைகளிலிருந்து வலையே இல்லாத நிலையின் விடையை ஊகித்துவிடலாம். அந்த ஊகம் மிக நுண்ணிய வலையின் விடையைவிடவும் உண்மைக்கு அருகில் நிற்பது வழக்கம்.

இதுவரை சொன்னவை கணக்கின் பிழைகள். பொருளின் பிழைகள் வேறு. வரைபடத்தில் அறையின் உள்மூலைகள் செங்கோணமாக இருக்கின்றன. 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள மில்லிங் கட்டரோ சுவரோடு சுவர் சேரும் எந்த உள்மூலையிலும் ஒன்றரை மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவை விட்டே தீரும். அந்த வளைவை வரைபடத்தில் இடாதவர் வேறொரு பெட்டியைக் கணிக்கிறார். அச்சுச் சுற்றுத் தகடுகளில் இடர் இன்னும் பெரிது: ரோஜர்ஸ் ஆர்ஓ4003சி என்னும் தகட்டுக்கு அதன் தயாரிப்பாளர்களே ஒப்பு விடுதிறன் உற்பத்திச் சோதனையில் 3.38 என்றும், வடிவமைப்புக்கு 3.55 என்றும் இரண்டு எண்களைக் கொடுக்கிறார்கள். கடத்தி முழுதும் அப்பொருளில் புதைந்திருக்கும் சுற்றில், ஓர் எண்ணுக்குப் பதில் மற்றதை இட்டுவிட்டால் அதிர்வெண் 2.4 சதவீதம் மாறிவிடும். 10 கிகாஹெர்ட்ஸில் அது 240 மெகாஹெர்ட்ஸ். இரண்டு வேறு மென்பொருள்களில் கணித்து, இரண்டும் ஒத்துப்போயின என்று மகிழ்வோர், இரண்டுக்கும் ஒரே தவறான எண்ணைக் கொடுத்திருக்கிறோமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்.

காற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆய்வுக்கூடத்தில் காற்று நிறைந்த நிலையில் சரிசெய்த வடிப்பான், விண்வெளியின் வெற்றிடத்தில் 12 கிகாஹெர்ட்ஸில் மூன்று முதல் நான்கு மெகாஹெர்ட்ஸ் வரை உயர்ந்துவிடுகிறது. அலுமினியத்தால் செய்த வடிப்பான் 40 பாகை செல்சியஸ் சூடேறினால் 11 மெகாஹெர்ட்ஸ் இறங்குகிறது. கியோம் 1896-இல் கண்டறிந்த, சூட்டில் மிகச் சிறிதே விரியும் இன்வார் என்னும் உலோகக் கலவையைச் செயற்கைக்கோள் வடிப்பான்களுக்கு விரும்பி எடுத்துக்கொள்வது இதனால்தான். இந்த மாற்றங்களெல்லாம் எளிய கணக்கில் அடங்குபவை. அடங்குபவை என்பதாலேயே மறக்கப்படுகின்றன.

ஆய்வுக் கட்டுரைகளில் நாம் அடிக்கடி காணும் ஒரு வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். கணித்த வளைவும் அளந்த வளைவும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும் படம் ஒன்று அச்சாகியிருக்கும். கீழே 'நல்ல ஒற்றுமை காணப்படுகிறது' என்ற வாசகம் இருக்கும். அந்த வடிப்பானில் திருகாணிகள் உண்டா, அளப்பதற்கு முன் அவை திருகப்பட்டனவா என்பதை வாசகர் கேட்க வேண்டும். திருகாணி என்பது அதிர்வெண் பிழையை விழுங்குவதற்காகவே வைக்கப்பட்ட உறுப்பு. கணித்த வளைவு வரும்வரை திருகாணியைத் திருகிவிட்டு, பிறகு கணிப்பும் அளவையும் ஒத்துப்போகின்றன என்று சொல்வதில் கணிப்புக்குச் சாட்சியம் ஏதும் இல்லை. பிரத்தியட்சம் என்று காட்டப்படுவது இங்கே அனுமானத்தின் வடிவத்துக்கே வளைக்கப்பட்டுவிட்டது. திருகாணிகளை முழுதும் வெளியே இழுத்துவிட்ட நிலையில் ஓர் அளவையையும், அதே நிலைக்கு ஒரு கணிப்பையும் அருகருகே அச்சிடுவதே நேர்மையான வழி. அந்தப் படம் அழகாக இராது, ஆனால் கணிப்பில் எத்தனை மெகாஹெர்ட்ஸ் பிழை என்பதை அது ஒன்றுதான் சொல்லும்.

திருகாணி வைக்க இடமில்லாத காலமும் வந்துவிட்டது. 80 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அறையின் நீளம் இரண்டேகால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதில் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு பிசகினால் 200 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போய்விடும். அங்கே செய்தபடியே பொருத்த வேண்டும். திருத்தம் என்பது கிடையாது. ஆகவே கணிப்பின் பிழை எவ்வளவு இருக்கலாம் என்ற கேள்விக்கு விடை பட்டறையிலிருந்துதான் வர வேண்டும். 12 கிகாஹெர்ட்ஸ் அறையை மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குத் துல்லியத்தில் கடைந்து தருவதாகப் பட்டறை உறுதி சொல்கிறது என்றால், 4 மெகாஹெர்ட்ஸ் அவர்களுடைய பங்கு. கணிப்புக்கு ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இடம் கொடுக்கலாகாது. அதாவது பன்னீராயிரத்தில் ஒரு பங்கு. அதற்கும் கீழே போவதற்காகக் கணினியை நாட்கணக்கில் ஓட்டுவது வீண். அதற்கு மேலே நின்றுவிடுவது, பட்டறை தன் உழைப்பால் ஈட்டித் தந்த துல்லியத்தை வடிவமைப்பாளர் தம் மேசையிலிருந்தே கெடுப்பதாகும். எனவே என் மாணவர்களிடம் நான் கேட்பது இதுதான்: உங்கள் அறிக்கையில் மைய அதிர்வெண் 11.998 என்று ஒற்றை எண்ணாக எழுதாதீர்கள். எந்த உரைகல்லில் உரசினீர்கள், எத்தனை வலைகளில் கணித்தீர்கள், விடை எந்த எண்ணுக்கும் எந்த எண்ணுக்கும் இடையே இருக்கிறது என்பதையும் அதற்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.